தோசை மாவுக்குள் தெர்மாமீட்டர்

டாக்டர் குல்கர்ணி என் சமையலறையில் நின்றுகொண்டு தோசை மாவுக்குள் தெர்மாமீட்டரை விட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார். பிறகு, "மூடி வையுங்கள், விசாலம்பாய்" என்றார்.

நான் தட்டை எடுத்து மூடினேன். முன்னறையில் என் கணவர் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் உட்கார்ந்திருந்தார். விலங்கியலில் டாக்டர் பட்டம் வாங்கிய ஒரு பெண்மணி ஞாயிற்றுக்கிழமை காலையில் செம்பூருக்கு வந்து எங்கள் வீட்டு மாவுக்கு ஜுரம் பார்ப்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

போன வாரம் இந்தப் பத்தியில் டைப்ரைட்டர் ரிப்பனைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "அந்தக் கல்லூரியில் டைப் அடித்ததைத் தவிர வேறு எதுவுமே செய்யவில்லையா?" என்று கேட்டிருக்கிறார். செய்தேன், அம்மா. ஒரு பெட்டி ஆமைக்குஞ்சுகளைப் பெண்ணாக்கினேன்.

மேடத்தின் கவலை

எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் சரியாக நினைவில்லை. இளையவள் அப்போது இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படித்தாள்.

நான் வேலை பார்த்தது பம்பாய்க் கல்லூரி ஒன்றின் விலங்கியல் துறையில். டைப்பிஸ்ட். குல்கர்ணி மேடம் அங்கே பேராசிரியை. எங்களைவிட ஒரு சாண் உயரம். கோல்ஹாபூர்ச் செருப்பு. புடவைக் கொசுவத்தில் எப்போதும் கொஞ்சம் கடல் மணல் இருக்கும். அவருக்குத் தமிழ் தெரியாது, என் மராத்தி காய்கறிக் கடையோடு நின்றுவிடும். நாங்கள் பேசிக்கொண்டது இந்தியும் இங்கிலீஷும் கலந்த ஒரு பாஷை. அதை இங்கே தமிழில் தருகிறேன், என் பெயரோடு அவர் ஒட்டும் மராத்தி மரியாதையான 'பாய்' மட்டும் அப்படியே.

மேடத்தின் ஆராய்ச்சி கடலாமைகளைப் பற்றியது. நம் பக்கத்தில் பங்குனி ஆமை என்பார்களே, அது. பம்பாய்க்கு வடக்கே படகேறிப் போக வேண்டிய ஒரு கடற்கரையில் அவை வந்து குழி தோண்டி முட்டையிடும். ஒரு காலத்தில் நிறைய வருமாம். அப்போதே ஒரு பருவத்துக்கு இரண்டு மூன்று கூடு கிடைத்தால் பெரிது.

அந்தக் கரையில் வரிசையாகச் சவுக்கு மரங்கள் இருந்தன. ஒரு விடுதி கட்டுவதற்காக அவற்றை வெட்டினார்கள். மரம் போனது, நிழல் போனது. மணல் சுட ஆரம்பித்தது.

"சுட்டால் என்ன மேடம்? முட்டைக்குச் சூடு நல்லதுதானே?" என்று கேட்டேன்.

"ஆமைக்கு ஆணா பெண்ணா என்று முட்டையிடும்போது முடிவாவதில்லை, விசாலம்பாய். மணல்தான் முடிவு செய்கிறது. குளிர்ந்த மணலில் ஆண். சூடான மணலில் பெண். வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரிதான்."

நான் டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டேன். எனக்கு இரண்டு பெண்கள். மாமியார் பாலக்காட்டிலிருந்து எழுதும் இன்லண்ட் லெட்டர் ஒவ்வொன்றிலும் கடைசி மடிப்பில் இதைப் பற்றி ஒரு வரி இருக்கும். இந்த மணல் விஷயத்தை அவருக்கு மொழிபெயர்த்து அனுப்பலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

முந்தைய வருஷம் அந்தக் கரையில் செத்துக் கிடந்த குஞ்சுகளை மேடம் அறுத்துப் பார்த்தாராம். அத்தனையும் பெண். "இப்படியே போனால் ஒருநாள் கடலில் பெண்கள் மட்டும்தான் இருப்பார்கள். வந்து வந்து முட்டையிடுவார்கள். ஒன்றுகூடப் பொரியாது" என்றார். வானிலை அறிக்கை வாசிப்பது மாதிரிதான் சொன்னார். எனக்குத்தான் அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

அவருடைய திட்டம் எளிது. ஒரு கூட்டில் பாதி முட்டைகளைக் கரையிலேயே விட்டுவிடுவது. மறு பாதியைத் துறையில், பெட்டியில் மணல் போட்டு, இருபத்தெட்டு டிகிரியில் வைப்பது. பெட்டியில் ஆண்கள் வந்தால் விஷயம் நிரூபணமாகிவிடும். அதை வைத்து அரசாங்கத்தில் கேட்கலாம்: கூடுகளுக்கு மேல் கீற்றுப் பந்தல் போடுங்கள், சவுக்கைத் திரும்ப நடுங்கள் என்று. மார்ச் மாதத்துக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும்.

ஐஸ் பெட்டி

பெட்டியை வாங்கி வந்தது நான். தாராவியில் மைதீன் பாய் என்று ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மீன் ஏற்றுவதற்கான தெர்மோகோல் பெட்டிகள் செய்துகொண்டிருந்தார். பட்டறைக்குள் நுழைந்தால் உருகிய பசை நாற்றம் மூக்கில் ஏறும்.

"என்னக்கா வைக்கதுக்கு?" என்று கேட்டார்.

"ஆமை முட்டை."

அவர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். "என்னக்கா சொல்லுதிய? ஆமை முட்டையா? திங்கதுக்கா?"

"பொரிக்கிறதுக்கு."

"பொரிச்சுத் திங்கதுக்கா?"

நான் முறைத்த முறைப்பில் மனிதர் பயந்துவிட்டார். சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு மூடியில் ஒரு துளை போட்டுக் கொடுத்தார், தெர்மாமீட்டருக்காக. நான் படியிறங்கும்போது பின்னாலேயே வந்து, "அக்கா, இது குளிர்ச்சிக்குன்னு செஞ்ச பெட்டிதான். ஆனா சூடு உள்ள போச்சுன்னா அதுவும் வெளிய வராது. பாத்துக்கிடுங்க" என்றார்.

நல்ல மனுஷன். காதில் வாங்கினேன். மண்டையில் வாங்கவில்லை.

டிசம்பர் கடைசியில் கூடு கிடைத்தது. ஐம்பத்து மூன்று முட்டைகள் எங்கள் பெட்டிக்கு வந்தன. வெள்ளை வெளேர் என்று, பிங்பாங் பந்து மாதிரி. அவற்றைப் புரட்டவே கூடாதாம். மேடம் ஒவ்வொன்றின் தலையிலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, புள்ளி மேலே இருக்கும்படி மணலில் புதைத்தார்.

இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. பிறகு நாங்கள் ஸ்டிரைக் செய்தோம்.

கேட்டுக்குப் பூட்டு

நாங்கள் என்றால் ஆசிரியர் அல்லாத ஊழியர்கள். கிளார்க், பியூன், லேப் ஆள், வாட்ச்மேன், எல்லோரும். கோரிக்கைகள் என்னவென்று இப்போது மறந்துவிட்டது. அப்போது தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

கேட்டைப் பூட்டப் போகிறார்கள், லேபில் கரண்டும் இருக்காது என்று தெரிந்ததும் மேடம் என் மேஜைக்கு வந்தார். அவருக்குக் கடற்கரையில் இருக்கும் மறு பாதியைப் பார்த்துக்கொள்ளக் கிராமத்துக்குப் போயாக வேண்டும். நான் ஸ்டிரைக்கில் இருக்கிறேன் என்பதும் அவருக்குத் தெரியும்.

"நீங்கள் வேலை செய்ய வேண்டாம். பெட்டியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். இருபத்தெட்டு. ஒன்று கூடினாலோ குறைந்தாலோ பரவாயில்லை. அதைத் தாண்டவிடாதீர்கள்."

யூனியனுக்கு இது துரோகமா என்று யோசித்தேன். ஆமைகள் நிர்வாகத் தரப்பு இல்லை என்று முடிவு செய்து, டாக்ஸியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு செம்பூர் வந்து சேர்ந்தேன்.

"இது என்னடி?" என்றார் என் கணவர்.

"முட்டை. ஐம்பத்து மூணு."

"நம்மாத்துலயா?"

"சமைக்கறதுக்கு இல்லை. வெச்சுக்கறதுக்கு."

அவர் பெட்டியைப் பார்த்தார். சுவரிலிருந்த சாமி படங்களைப் பார்த்தார். "மாடியில யார்கிட்டயும் சொல்லாதே" என்று மட்டும் சொன்னார்.

மாவும் முட்டையும்

இங்கே மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

பம்பாயில் குளிரே கிடையாது என்று சொல்பவர்கள் அந்தக் காலத்து ஜனவரியில் செம்பூரில் தோசைக்கு அரைத்ததில்லை. அசையாது. காலையில் அரைத்து வைத்தால் மறுநாள் காலையிலும் அரைத்தபடியே முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வைத்தியம் உண்டு. எதிர்வீட்டுப் பெண்மணி பாத்திரத்தைக் கோதுமை டின்னுக்குள் இறக்குவாள். நான் அடுப்புக்கு மேல் அலமாரியில் வைத்துக் கம்பளி போர்த்துவேன். மாவு பொங்கவில்லை என்றால் எனக்கு அன்றைய நாளே சரியாக இருக்காது.

அந்த ஜனவரி வழக்கத்தைவிட மோசம். பெட்டியை முன்னறையில் வைத்த முதல் நாள் தெர்மாமீட்டர் இருபத்தாறு காட்டியது. மறுநாள் இருபத்தைந்து. ஐம்பத்து மூன்று உயிர்கள் என் வீட்டில் விறைத்துச் சாகப் போகின்றன என்று நினைத்தேன்.

என் கணவர் டில்லிக்கு ஒருதடவை டூர் போனபோது வாங்கிய ஸ்வெட்டர் பீரோவில் இருந்தது. எடுத்துப் பெட்டிக்குப் போட்டேன். கைகளை முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போட்டேன். பெட்டியை அடுப்புக்கு மேல் அலமாரியில், மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஏற்றினேன். இரண்டுக்கும் சேர்த்துக் கம்பளி போர்த்தினேன்.

"என் ஸ்வெட்டர் எங்கடி?" என்று கேட்டார் இவர்.

"ஆமை போட்டுண்டிருக்கு."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

மறுநாள் பார்த்தேன். முப்பது. அதற்கடுத்த நாள் முப்பத்தொன்றோ என்னவோ. எனக்கு அப்பாடா என்று இருந்தது. மேடம் சொன்னதெல்லாம் மண்டையில் இருந்தது, ஆனால் கை கேட்கவில்லை. முட்டைக்கும் மாவுக்கும் சூடு நல்லது என்று என் கைக்குத் தெரியும். ஒரு டாக்டர் பட்டம் அதை மாற்றிவிட முடியாது.

நோட்டில் மட்டும் இருபத்தெட்டு என்று எழுதினேன்.

ஏன் எழுதினேன் என்று கேட்டால், நீங்கள் எங்கள் ஆபீஸ் மஸ்டரைப் பார்த்ததில்லை. ஹார்பர் லைன் வண்டி எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தாலும் நாங்கள் அத்தனை பேரும் வருகைப் பதிவில் பத்து மணி என்றுதான் எழுதுவோம். பத்தரைக்கு வந்து பத்து என்று எழுதுவதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. மேலே இருப்பவர் எந்த எண்ணைப் பார்க்க விரும்புகிறாரோ அதுதான் ரெஜிஸ்டருக்கு உரிய எண்.

என்ன எழுதப் போகிறேன் என்பது முடிவாகிவிட்ட பிறகு தெர்மாமீட்டரைப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன். மூன்று வாரத்துக்கு மேல், நாளுக்கு மூன்று தடவை, அழகான கையெழுத்தில் இருபத்தெட்டு.

மாவு பிரமாதமாகப் பொங்கியது. அந்த ஸ்டிரைக் முழுவதும் எங்கள் வீட்டுத் தோசையை ஒருவரும் குறை சொல்லவில்லை.

ஆறும் பெண்

ஸ்டிரைக் தோற்றது. பெட்டி துறைக்குத் திரும்பியது. மேடமும் திரும்பினார், முகம் கறுத்துப் போய். கரையில் விட்டிருந்த பாதியை நாய்கள் தோண்டித் தின்றுவிட்டனவாம். "இனிமேல் உங்கள் பெட்டி மட்டும்தான்" என்றார். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்.

அவர் எதிர்பார்த்ததற்குப் பத்து நாள் முன்னாலேயே ஒரு காலையில் மணல் அசைந்தது. ஒரு கறுத்த மூக்கு. பிறகு இன்னொன்று. மத்தியானத்துக்குள் நாற்பத்தெட்டு குஞ்சுகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி, துடுப்புகளை அடித்துக்கொண்டு. பியூன் முதல் பிரின்சிபால் வரை வந்து பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான்கு பேரிடம் ஸ்வெட்டரைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்ததை அடக்கிக்கொண்டேன்.

ஆறு குஞ்சுகள் செத்துப்போயின. மீதி நாற்பத்திரண்டையும் அதே கரையில் கடலில் விடுவதற்கு மேடம் என்னையும் கூட்டிப் போனார். சாயங்கால வெயிலில் அவை ஈர மணலில் கோடு கோடாக இழுத்துக்கொண்டு போயின. கடைசிக் குஞ்சு அலையில் மறையும்வரை நின்றேன். பிள்ளைகளை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்தபோதுகூட அப்படி அழவில்லை.

உயிருள்ள குஞ்சை வெளியிலிருந்து பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாதாம். செத்த ஆறை ஃபார்மலினில் போட்டு வைத்து மேடம் ஒவ்வொன்றாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ஆறும் பெண்.

வீட்டில் சொன்னேன். இவர் மோரை ஊற்றிக்கொண்டே, "நம்மாத்துக்கு வந்தா முட்டைகூடப் பொண்ணாத்தான் பொரியும்" என்றார். தமாஷாகத்தான் சொன்னார். நான் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்துபோனேன். அவருக்குக் காரணம் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

ஒரு வரி

மார்ச் வந்தது. அறிக்கையை டைப் அடிக்க வேண்டியவளும் நான்தான்.

முதலில் அட்டவணை. தேதி, காலை, மதியம், மாலை. இருபத்தெட்டு, இருபத்தெட்டு, இருபத்தெட்டு. டைப்ரைட்டரில் அந்த இரண்டு எண்களை அத்தனை தடவை அடித்ததில் விரல் நுனி வலித்தது.

அடுத்த பக்கத்தில் மேடத்தின் கையெழுத்தில் முடிவுரை. குளிர்ந்த மணலில் வைத்தும் ஆண் குஞ்சு கிடைக்கவில்லை. மணலின் வெப்பத்துக்கும் பாலினத்துக்கும் தொடர்பு இருப்பதாக இந்தக் கூட்டை வைத்துச் சொல்ல இயலவில்லை. ஆகவே மரம் நடுவது, பந்தல் போடுவது பற்றிய பரிந்துரைகள் திரும்பப் பெறப்படுகின்றன.

அந்த வரியில் பாதி அடித்தேன். மீதி பாதிக்குக் கை போகவில்லை. தாளை உருவி எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன்.

"மேடம், நோட்டில் இருப்பது பொய்."

எல்லாவற்றையும் சொன்னேன். குளிர், ஸ்வெட்டர், அடுப்பு, மஸ்டர். அவர் திட்டியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார்.

"உண்மையில் எவ்வளவு இருந்தது?"

"தெரியாது மேடம். அலமாரியில் ஏற்றிய முதல் இரண்டு நாள் முப்பது, முப்பத்தொன்று. அதற்கு அப்புறம் நான் பார்க்கவே இல்லை."

"ஏதாவது ஒரு அடையாளம்? எதுவுமே இல்லையா?"

எனக்கு ஒன்றுதான் தெரிந்திருந்தது. "மாவு பொங்கிற்று மேடம். தினமும் காலை பத்து மணிக்கு அரைத்து வைத்தேன். நாலு மணிக்குப் பொங்கித் தட்டைக் கீழே தள்ளிவிடும். ஜனவரியில் அப்படிப் பொங்கவே பொங்காது."

மேடம் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "பாத்திரம் பெட்டிக்குப் பக்கத்திலா இருந்தது?"

"ஒரே கம்பளிக்குள்."

அப்படித்தான் அவர் அந்த ஞாயிற்றுக்கிழமை என் சமையலறைக்கு வந்தார். அதே பெட்டி, ஈர மணல். அதே ஸ்வெட்டர், அதே அலமாரி. பெட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டர், மாவுக்குள் ஒன்று. வெளியே மார்ச் வெயில் என்பதால், ஜன்னலை அடைத்து, திறந்து, அடுப்பைக் கூட்டி, குறைத்து, நான்கு ஞாயிறுகள். பத்துக்கு அரைத்த மாவு நாலுக்குத் தட்டைத் தள்ளிய அன்று பெட்டிக்குள் முப்பத்திரண்டு.

"முப்பத்திரண்டு. அப்படியானால் பெண்தான். பெண்ணாகத்தான் இருந்தாக வேண்டும்" என்றார் மேடம். நின்றபடியே இரண்டு தோசை சாப்பிட்டார். என் கணவர் மூன்றாவதை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

அறிக்கையை மாற்றி எழுதினார். நோட்டு நம்பத்தக்கதல்ல என்பதையும், மாவை வைத்து வெப்பத்தைக் கணித்த விதத்தையும் ஒளிக்காமல் எழுதினார். என் பெயரைப் போடவில்லை. நான்தான் டைப் அடித்தேன். ஒரு பிழை இல்லை.

பதில் இரண்டு மாதம் கழித்து வந்தது. நம்பகமான அளவீடுகளுடன் அடுத்த பருவத்தில் மீண்டும் சமர்ப்பிக்கவும்.

அடுத்த பருவத்தில் அந்தக் கரைக்கு ஒரு ஆமையும் வரவில்லை. விடுதியில் விளக்குப் போட்டிருந்தார்கள், வெளிச்சத்தைக் கண்டால் ஆமை கரையேறாதாம். அதற்கடுத்த வருஷமும் வரவில்லை. நான் ஒழுங்காக எழுதியிருந்தால் அந்த ஒரு பந்தலாவது வந்திருக்கும். இதை மேடம் என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. நான் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஜனவரி

மேடம் ஓய்வு பெற்ற அன்று மாவில் விட்ட அந்தத் தெர்மாமீட்டரை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். செம்பூர் வீட்டில், அதே அடுப்புப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. கூடவே ஒரு நோட்டு. யாரும் கேட்பதில்லை. நானாக எழுதுகிறேன்.

பெண் ஆமை எத்தனை வருஷமானாலும் பிறந்த கரைப் பக்கம்தான் முட்டையிடத் திரும்புமாம். என் நாற்பத்திரண்டு பேரும் எங்கேயோ கடலில் இருப்பார்கள். வந்தால் அந்த மணல் இப்போது எப்படிச் சுடுமோ.

இன்று ஜனவரிதான். காலை பத்து மணிக்கு அரைத்தேன். கம்பளி போர்த்தவில்லை. அடுப்புப் பக்கம் வைக்கவில்லை, ஜன்னலோரத்தில் வெறும் தரையில் வைத்தேன். நாலு மணிக்குத் தட்டு கீழே விழுந்த சத்தம் கேட்டது.

போய்த் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். என்ன காட்டியதோ அதை எழுதி வைத்தேன்.